கரிசல் நிலமும் கண்ணுள் வினைஞரும்

ஓவியரைக் குறிக்கப் பழந்தமிழில் வழங்கிய சொற்களுள் 'கண்ணுள் வினைஞர்' என்பது ஒன்று. மதுரைக் காஞ்சி இச்சொல்லை ஆள்கிறது. அதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், நோக்குவோரின் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துவோர் என்னும் கருத்துப்பட விளக்குவார். அழகான விளக்கம். ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. ஓவியன் நம் கண்ணில் நிறுத்துவது எதனை? தான் கண்டதையா, காண விழைந்ததையா? விலங்கையும் பறவையையும் கடற்கரையையும் தீட்டிய ஓவியரை நயக்கப் புகுவோர் முதலிற் கேட்க வேண்டிய வினா இதுவேயாம். கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண்ணில் பிறந்து வளர்ந்த நம் மாணவர்க்கு இவ்வினா மிகவும் நெருக்கமானது. காரணம் பின்னர் விளங்கும்.

இலக்கியம் பயில்வோர்க்கு நிலக்காட்சி புதிதன்று. முதல், கரு, உரி என மூன்றாகப் பொருளைப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய விலங்கு, பறவை, மரம், பூ, நீர் ஆகியவற்றை வகுத்தவர் நம் முன்னோர். ஆனால் அவ்வகுப்பை மனப்பாடம் செய்வதோடு நம் கல்வி நின்றுவிடுகிறது. எம்.ஃபில். பட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் எழுதப்பட்ட ஆய்வேடுகளில் 'இயற்கை வருணனை' என்றோர் இயல் இல்லாதது அரிது. அவ்வியலில் அன்னமும் அன்றிலும் எண்ணிக்கையாக வரும். எழுதியவர் கௌதாரியைக் கூர்ந்து பார்த்ததற்கான அடையாளம் ஒன்றும் இராது. ஓவியத்தைப் பார்க்கப் பழகுவது இக்குறைக்கு ஒரு மருந்தாகலாம் என்ற எண்ணமே இதனை எழுதத் தூண்டியது.

உமறுவின் நாடு

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் எட்டயபுரம் உள்ளது. பாரதி பிறந்த ஊர் என்பதை யாவரும் அறிவர். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர் அரசவைப் புலவராக விளங்கியதும் அடக்கமானதும் அவ்வூரிலேதான். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அக்காப்பியத்தின் நாட்டுப் படலத்தைப் படிப்போர் வியப்படைவர். மேகம் கடலில் நீர் முகந்து மலையிற் பொழிகிறது. வெள்ளம் நிலங்களைக் கடந்து வயலில் பாய்கிறது. உழவும் நடவும் அறுவடையும் நிகழ்கின்றன. சொல்லப்படுவதோ அரபு நாடு!

இதனைக் காப்பிய மரபு என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். மரபு என்பது உண்மையே. எனினும் புலவர் வாழ்ந்த இடத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசற்காட்டின் நடுவே, வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைக்கும் மக்களின் இடையே இருந்துகொண்டு அவர் பாய்ந்தோடும் ஆற்றைப் பாடுகிறார். பாலை நிலமாகிய அரபு நாட்டுக்கும் வானம் பார்த்த கரிசலுக்கும் உள்ள ஒற்றுமையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டிலும் இல்லாத நீரை எடுத்துக்கொண்டார். இது விழைவின் ஓவியம்.

அதே புலவர் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' பாடும்போது வேறொருவராகிறார். வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வர விடை வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாது கன்றோடு மீண்டு வருகிறது. இங்கு மான் உவமைப் பொருளாக நில்லாமல், பாலூட்டும் தாயாக, தானே ஒரு பாத்திரமாக நிற்கிறது. விலங்கை அணியாகக் காட்டுவதற்கும் உயிராகக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே நூலில் காண விரும்புவோர் இவ்விரு படலங்களையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம். ஓவியத்திலும் இவ்வேறுபாடே அடிப்படை.

கோவில்பட்டியில் ஒரு படுதா ஓவியர்

இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்துச் சுவர்களை ஆண்ட ஓவியர் ஒருவரைச் சொல்லுமாறு கேட்டால், சி. கொண்டைய ராஜுவைச் சொல்லலாம். 1898ஆம் ஆண்டு பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சிறிது காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர். பின்னர் நாடகக் குழு ஒன்றில் திரைச்சீலை வரைபவராக ஊர் ஊராகச் சென்றவர். 1940களின் தொடக்கத்தில் அக்குழு கோவில்பட்டியில் கலைந்தது. ஓவியர் ஊர் திரும்பவில்லை. இங்கேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நிறுவி, டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம் முதலிய மாணாக்கரை உருவாக்கி, 1976இல் மறையும்வரை வரைந்துகொண்டே இருந்தார். அவர் தீட்டிய தெய்வத் திருவுருவங்கள் அண்டை ஊராகிய சிவகாசியின் அச்சகங்களில் நாட்காட்டிகளாகப் பெருகி நாடெங்கும் சென்றன. கனடா நாட்டு மானிடவியலறிஞர் ஸ்டீபன் இங்கிலிஸ் இவரைப் பற்றி ஆய்ந்து எழுதியுள்ளார். நம் ஊர்த் தமிழ்த்துறைகளில் அத்தகைய முயற்சி அரிதாகவே உள்ளது என்பதைச் சற்று வருத்தத்தோடு குறிக்க வேண்டியுள்ளது.

இங்கு நாம் பேச விழைவது அவருடைய தெய்வ உருவங்களைப் பற்றியன்று. அவ்வுருவங்களுக்குப் பின்னே உள்ளதைப் பற்றி. நாட்காட்டிப் படத்தில் யாரும் பார்க்காத பகுதி அதன் பின்னணியே. நடுவில் நிற்கும் உருவத்திலிருந்து கண்ணைச் சற்று விலக்கினால், நீலமலை, அதிலிருந்து விழும் அருவி, தாமரைப் பொய்கை, அன்னம், தோகை விரித்த மயில், புல் மேயும் புள்ளிமான், தொலைவில் ஒரு பொன்னிற வானம் என அவ்வகைப் படங்களில் ஒரு முழு நிலம் விரியும்.

இந்நிலம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் வழியே வந்த மேனாட்டு நிலக்காட்சி மரபு. மற்றொரு பகுதி நாடக மேடை. அக்கால நாடகக் குழுக்கள் தெரு, தர்பார், நந்தவனம், காடு, கடல் எனத் தனித்தனிப் படுதாக்களைச் சுருட்டிக் கொண்டுசென்றன. காட்டுப் படுதா இறங்கினால் அது வள்ளியின் தினைப்புனமாகும். மறுநாள் அதுவே அரிச்சந்திரன் சந்திரமதியோடு கடந்து செல்லும் காடாகும். ஆகவே படுதா ஓவியன் எந்தக் கதைக்கும் பொருந்தும் பொதுக்காட்டை வரைய வேண்டியவனாகிறான். தூரத்து இருக்கையிலிருந்து பார்ப்பவனுக்கும் மரம் மரமாகத் தெரிய வேண்டும். ஆனால் அது இன்ன மரம் என்று சொல்லத் தேவையில்லை. இப்பயிற்சி பெற்ற கையே பின்னர் நாட்காட்டிக்கும் வந்தது. அதனால்தான் அப்பின்னணிக் காடுகளில் இலைகள் செறிந்திருக்கும், பெயர் இராது.

கோவில்பட்டியைச் சுற்றி அருவி இல்லை. அன்னப் பொய்கை இல்லை. உடைமரமும் பனையும் செவலும் கருப்புமாக மாறும் மண்ணுமே உண்டு. அந்நிலத்தின் நடுவில் அமர்ந்து அவ்வோவியர் குளிர்ந்த நிலத்தை வரைந்தார். வெயிலில் காய்ந்து வீடு திரும்பிய மக்கள் அப்படத்தைச் சுவரில் மாட்டினர். உமறுப் புலவரின் நாட்டுப் படலத்துக்கும் இதற்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தாலும், இரண்டும் ஒரே தாகத்தில் பிறந்தவை. இவற்றைப் போலி என்று தள்ளுவது நயமறியாமை. அதே வேளையில் இவற்றைக் கொண்டு காட்டையோ மானையோ அறிந்துவிட்டோம் என எண்ணுவதும் தவறு.

நம் சமுதாய இல்லங்களில் கஃபா, மதீனா, நாகூர் தர்கா ஆகியவற்றின் படங்கள் இருந்தன. உயிருருவம் தீட்டுவது பற்றி மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாக உரையாடல் உண்டு. அதனை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. நாகூர்ப் படத்தை மட்டும் நோக்குக. ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் கடலோடிகளின் காவலராகப் போற்றப்படுபவர். ஊரோ கடற்கரை ஊர். அங்கும் மினாராக்களின் பின்னே வானத்தை ஓவியர் எவ்வாறு அமைத்தார், கடலுக்கு இடம் கொடுத்தாரா என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

தீப்பெட்டியும் இதில் அடங்கும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டிகளின் மேல் ஒட்டப்பட்ட தாள்களில் புலி, மான், யானை, கிளி, மீன், கப்பல் எல்லாம் இருந்தன. எழுத்தறியாதவரும் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குவதற்காக ஏற்பட்டவை அவை. விரலளவு தாளில் புலி புலியாகத் தெரிய வேண்டுமானால் எதை விட வேண்டும் என்பதை அவற்றை வரைந்த பெயரறியா ஓவியர்கள் அறிந்திருந்தனர்.

நாதிருல் அஸ்ர்

இனி, கண்டதை வரைந்த மரபுக்கு வருவோம். அதற்கு முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்குச் செல்ல வேண்டும். 1605 முதல் 1627 வரை ஆண்ட அவர் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தியைச் சொல்கிறார். கொள்ளுப்பாட்டனார் பாபர் விலங்குகளின் தோற்றத்தை எழுத்தில் விவரித்தாரேயன்றி ஓவியரைக் கொண்டு வரையச் செய்யவில்லை. தாமோ எழுதியதோடு வரையவும் செய்ததாகவும், கேட்பதால் உண்டாகும் வியப்பு காண்பதால் மிகும் என்பதற்காகவே அவ்வாறு செய்ததாகவும் குறிக்கிறார். சொல்லின் எல்லையை உணர்ந்த ஓர் அரசரின் குறிப்பு இது. தமிழ்த்துறையினராகிய நாம் சற்றே நின்று எண்ணத் தக்கது.

1612இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொணர்ந்த அரிய உயிரினங்களுள் வான்கோழியும் இருந்தது. அதனை வரைந்தவர் உஸ்தாத் மன்சூர். 1621இல் வரிக்குதிரை ஒன்று அவைக்கு வந்தது. அதன் கோடுகள் யாரோ சாயம் பூசியவை என்று பலர் ஐயுற்றனராம். ஆராய்ந்த பின்னரே இயற்கையின் கைவண்ணம் எனத் தெளிந்தனர். அதனையும் மன்சூர் வரைந்தார். 1620இல் காஷ்மீரத்தில் அவர் வரைந்த மலர்கள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை என அரசரே எழுதுகிறார். 'நாதிருல் அஸ்ர்', அதாவது காலத்தின் அருமை, என்பது அரசர் அவருக்கு அளித்த பட்டம்.

மன்சூரின் படங்களில் பெரும்பாலும் பின்னணி இல்லை; இருந்தாலும் ஒரு புல், ஒரு கல், ஒரு சிறு செடி அவ்வளவே. கொண்டைய ராஜுவின் படத்தில் நாம் பின்னணியைத் தேடிச் சென்றோம். இங்கோ உயிரைத் தவிர வேறெங்கும் கண் போக இடமில்லை. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ள சைபீரியக் கொக்கின் படம் ஒன்று இவருடையதாகக் கருதப்படுகிறது. வெண்மையின் மேல் வெண்மையாக இறகுகள், சிவந்த முகத்தோல், கால்களின் சுருக்கம் எல்லாம் அதில் உண்டு. மேனாட்டு அறிவியல் அப்பறவைக்குப் பெயரிட்டது 1773இல். மன்சூர் அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தியவர். பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த அக்கொக்குகள் 2002க்குப் பின் அங்கு வரவில்லை. இன்று இந்திய மாணவன் ஒருவன் அதனைத் தன் நாட்டில் காணும் இடம் அந்தப் படமே.

ருசிய நாட்டு ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள டோடோ பறவையின் படமும் மன்சூருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. மொரீசியசுத் தீவின் அப்பறவை பதினேழாம் நூற்றாண்டிலேயே உலகத்தை விட்டு மறைந்தது. உயிரோடு பார்த்து வரைந்த படங்களுள் நம்பத் தக்கது எனப் பறவையறிஞர் இதனைப் போற்றுவர். அதே படத்தில் டோடோவைச் சுற்றி நிற்பவற்றுள் வரித்தலை வாத்தும் ஒன்று. அந்த வாத்து இன்றும் மழைக்காலத்தை ஒட்டி நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வருகிறது. ஒரே தாளில் ஒரு பறவை அழிந்துவிட்டது. மற்றொன்று நம் பக்கத்து ஊர்க் குளத்தில் நீந்துகிறது. பேருந்தேறிச் சென்று, தலையின் பின்புறத்தில் உள்ள இரு கறுப்புக் கோடுகளை மன்சூரின் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. முகலாய அரசர்களின் இயற்கை நோக்கைப் பற்றிப் பறவையறிஞர் சாலிம் அலி இளமையிலேயே தொடர் கட்டுரைகள் எழுதியவர். அவருக்கும் முதல் ஆசான் கண்ணே.

இங்கிலாந்தின் விண்ட்சர் அரச சேகரத்தில் மன்சூர் வரைந்த பச்சோந்தி உள்ளது. கிளையைப் பற்றிய விரல்கள், சுருண்ட வால், தோலின் மணிமணியான புள்ளிகள் யாவும் தூரிகை நுனியால் வந்தவை. நம் உடைமரங்களிலும் பச்சோந்தி உண்டு. அதன் விரல்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து இடுக்கி போல் கிளையைப் பிடிப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இம்மரபு அவையோடு முடியவில்லை. கல்கத்தாத் தலைமை நீதிபதியின் மனைவி மேரி இம்பே, 1777 முதல் 1782 வரை, தம் தோட்டத்தில் வளர்த்த உயிரினங்களை வரைய ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவரை அமர்த்தினார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னரும் செடி, பறவை, விலங்குகளை வரையச் செய்தார். மன்னரின் பெயரை நாம் அறிவோம். வரைந்தவரின் பெயர் நமக்கு எட்டவில்லை.

கடலை எழுதுதல்

கடல் வேறு வகைச் சிக்கல். விலங்குக்கு எல்லைக்கோடு உண்டு, கடலுக்கு இல்லை. நம் கிழக்குக் கரையோ மிகவும் தட்டையானது. மணலும் நீரும் வானும் மூன்று பட்டைகளாகக் கிடக்கும். பனையும் கட்டுமரத்துப் பாயும் அன்றி நிமிர்ந்து நிற்பது எதுவுமில்லை. நாடகத்துக் கடற்படுதாவில் ஒரு கப்பலைத் தவறாது மிதக்கவிட்டதன் காரணம் இதுவாகலாம். கண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டுமல்லவா!

ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோர் 1792இல் தென்பாண்டி நாட்டுக்கு வந்தனர். காட்சியை ஒளியின் வழியே தாளில் வீழ்த்தும் இருட்பெட்டிக் கருவியைத் துணைக்கொண்டு வரைந்தவர்கள். பாபநாசம் அருவியை வரைந்தனர். 'குமரிமுனை' என்றும் ஒரு படம் வெளியிட்டனர். ஆனால் அது களக்காட்டருகிலிருந்து கண்ட மலைக்காட்சி. முனையின் பெயர் இருக்கிறது, கடல் இல்லை. மலை, அருவி, தனிமரம் ஆகியவற்றைத் தேடி வந்த கண்ணுக்குத் தட்டையான கரை உவப்பாக இருந்திராது போலும்.

1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் சென்னையை அடுத்த கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. ஓவியர்கள் அலையோசை கேட்கும் தூரத்தில் வீடு கட்டி வாழ்ந்தனர். பணிக்கர் முன்னாளில் கேரளத்து நீர்நிலைகளையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டியவர். ஆயினும் அக்கிராமம் புகழ் பெற்றது கடற்காட்சிகளால் அன்று. குறியீடுகளாலும் அருவ வடிவங்களாலும். கடலின் அருகே வாழ்ந்தும் கடலை நேரே வரையாமை குறையென்று கொள்ளேன். நெய்தற் பாடல்களிலும் கடல் இரங்கலுக்குப் பின்னணியாகத்தானே நிற்கிறது? எனினும் நம் கரை இன்னும் தன் ஓவியனைப் பெறவில்லை என்ற எண்ணம் எழாமலில்லை.

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் வழி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். புறப்படும்போது கறுப்பு மண். முடிவில் உப்பளங்களின் வெண்மை. அதற்கப்பால் நீலம். தெற்கே திருச்செந்தூர்ப் பக்கம் சென்றால் தேரி மணலின் செம்மை. ஒரே மாவட்டத்தில் இந்நான்கு வண்ணங்களும் கிடக்கின்றன.

நெல்லையில் பிறந்த ஒரு கோட்டோவியர்

விழைவும் கூர்நோக்கும் ஒருவரிடம் சேர்ந்திருந்தன எனில் அவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் இளைய மகன்; 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். கறுப்பு வெள்ளை நிழற்படங்களுக்காகப் பெயர் பெற்றவர் என்றாலும் அவர் தேர்ந்த கோட்டோவியரும் ஆவார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை இயற்கை பற்றிய பத்தி எழுதினார். அதற்குரிய படங்களைத் தாமே வரைந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தந்தவர் சு. தியடோர் பாஸ்கரன். காக்கை, அணில், ஓணான் எனக் கொல்லைப்புறத்து உயிர்களையும் யானைக்குரிய மதிப்போடு நோக்கியவர் அவர். வரையும் கை எழுதியதால் அவருடைய உரைநடையில் தேவையற்ற அடைமொழி மிகவும் குறைவு.

கரிசலின் கோட்டோவியம் பற்றிச் சொல்லும்போது கே.எம். ஆதிமூலத்தை விட இயலாது. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்கு வரைந்தவர் அவர். கறுப்பு மையால் கறுப்பு மண்ணின் மக்களை அவர் கீறிய கோடுகளில், அருவியும் அன்னமும் இல்லாத நம் நிலத்தின் சாயல் முதன்முறையாக அச்சேறியது என்பது என் கருத்து.

வெளிமான்

நாட்காட்டியின் புள்ளிமானை நாம் அறிவோம். நம் வெட்டவெளியின் மான் அதுவன்று, அது வெளிமான். பழந்தமிழ் இரலை என்று சொன்னது இதனையே என்பர். ஆணின் முதுகு முதிர முதிரக் கறுக்கும், வயிறு வெளுப்பு, கண்ணைச் சுற்றி வெண்வளையம், கொம்பு முறுக்கு முறுக்காக மேலேறும். பெண்மான் வெளிர் பழுப்பு. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வல்லநாட்டுக் குன்றில் 1987இல் இவற்றுக்கென ஒரு காப்பிடம் அமைந்தது. இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களுள் இந்தியாவின் தென்கோடி அதுவே. நான் பார்த்த அளவில் எந்த நாட்காட்டியிலும் வல்லநாட்டு மான் இடம்பெறவில்லை.

துறை மாணவர்க்கு இரண்டு வேலைகள் உண்டு. வீட்டுப் பரணில் பழைய நாட்காட்டிப் படமோ தீப்பெட்டித் தாளோ கிடந்தால் எறிந்துவிடாமல், படத்தின் கீழ்மூலையில் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்து, அச்சகத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். பின்னணியில் உள்ள மரம், விலங்கு, நீர் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுள் எவை நம் நிலத்தில் உள்ளவை என அடையாளமிடுங்கள். இரண்டாவது, காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் வல்லநாட்டுக்குச் சென்று, ஓர் ஆண்மான் நிற்கும் இடத்திலிருந்து தொலைவாகவே அமர்ந்து, பென்சிலால் அதன் கொம்பின் முறுக்குகளை எண்ணி வரைந்து பாருங்கள். படம் நன்றாக வர வேண்டியதில்லை. மான் அதிக நேரம் நிற்காது. ஆதலால் கொம்பைத் தொடங்குவதற்கு முன் கால்கள் ஊன்றிய நிலையைக் குறித்துக்கொள்க.